கோபக்கார வில்லனை ஆடுவது எப்படி: பகடையா, வட்டமா, காரணமா?

வானம் தெளிவாக இருக்கும் நாளில் பினாங்கிலிருந்து வடக்கே பார்த்தால் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் 1025இல் படை அனுப்பிய கடாரம் அந்தப் பக்கம்தான். அங்கே சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கேரக்டராக மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி விளையாட்டு எங்களுடையது; மாதக்கணக்கில் நீளும் அந்தக் கதைக்குப் பெயர் கேம்பெயின். எங்கள் கேம்பெயினின் வில்லன் அந்த உலைகளிலிருந்து பிறந்தவன். பெயர் உலைவேந்தன். இரும்பு விற்கும் ஒரு கற்பனைத் துறைமுகத்தின் தலைவன். ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் உயிர் பெறுவான். மைலோ டின் மூடிதான் எங்களுக்குப் பகடை உருட்டும் தட்டு.

அவனுக்கு முன்கோபம். எழுதும்போது அது சுலபமாக இருந்தது. 'எப்போது வெடிப்பான் என்று யாருக்கும் தெரியாது' என்று நோட்டில் ஒரு வரி போட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது என்றால், கதையை நடத்தி வில்லனுக்காகவும் பேசும் டிஎம்மாகிய எனக்கும் தெரியாது என்பது முதல் செஷனில்தான் உறைத்தது. விளையாடுபவர்கள் அவன் முன்னால் போய் நின்று ஏதோ சொல்கிறார்கள். ஐந்து பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இப்போது அவன் என்ன செய்வான்? மூன்று வருடத்தில் இதற்குப் பல வழிகளை முயன்றுவிட்டேன். எல்லாவற்றிலும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எல்லாம் சமம் இல்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அந்த நேரத்தில் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுவே வில்லனின் பதில். இதில் வேகம் இருக்கிறது, குரல் இயல்பாக வருகிறது, எதையும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒருமுறை நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து "கொன்னுடுவேன்" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டி, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். அந்த அளவுக்கு வேலை செய்தது.

கெட்டதும் அதே வழியில்தான். ஒரு ஞாயிறு, பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நின்றுவிட்டு, மதியச் சாப்பாடும் இல்லாமல் வந்து உட்கார்ந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி, உலைவேந்தன் பேசிக்கொண்டிருக்கும்போது போனைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நிமிடம் உலைவேந்தன் அவனுடைய கேரக்டரை உலையில் தள்ளிவிட்டான். பகடை இல்லை, தப்பிக்க வாய்ப்பும் இல்லை. ஒன்பது மாதம் வளர்த்த கேரக்டர். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. "சரிண்ணே" என்றான். இரண்டு வாரம் வரவில்லை. அந்தக் கோபம் வில்லனுடையது இல்லை, என்னுடையது. மேசையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

அதற்குப் பயந்துதான் பகடைக்குப் போனேன். இது புதுச் சரக்கு இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோதே இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, எதிரே வருபவரின் மனநிலையைத் தீர்மானிக்கும் பழக்கம் அதில் இருந்தது. 1981ஆம் வருடத்து பேசிக் பதிப்பில் அந்த அட்டவணை ரொம்பத் தெளிவாக இருக்கும். 2 விழுந்தால் உடனே தாக்குவார்கள். 3 முதல் 5 வரை பகை, தாக்கவும் கூடும். 6 முதல் 8 வரை குழப்பம். 9 முதல் 11 வரை தாக்க மாட்டார்கள். விலகிப் போகலாம், பேரத்துக்கும் காது கொடுக்கலாம். 12 விழுந்தால் உற்சாகமான நட்பு. பேசுபவரின் கரிஸ்மா, அதாவது ஆளைக் கவரும் திறனுக்கான எண், 18 என்றால் கூட 2 சேரும். கணக்குப் போட்டால், பகடை விழக்கூடிய 36 விதங்களில் 16 நடுவில் குழப்பத்தில் போய் நிற்கும். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்றுதான்.

காட்டுவழியில் எதிர்ப்படும் பூதத்துக்கு இது அருமையான ஏற்பாடு. அந்தப் பூதம் சாப்பிட்டுவிட்டு வருகிறதா, பசியோடு வருகிறதா என்று நமக்குத் தெரியாது, பகடை சொல்லட்டும். ஆனால் உலைவேந்தனை நமக்குத் தெரியும். ஒரு செஷனில் எங்கள் குழுவின் திருடன் அவனைச் சபையில் வைத்து, "உங்கப்பா கரி சுமந்தவர்தானே?" என்று கேட்டான். பகடையில் 11 விழுந்தது. அட்டவணைப்படி நான் அவனைப் புன்னகைக்க வைத்தேன். மேசையில் சிரிப்பு. அடுத்த செஷனில் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா, அவனுடைய செத்துப்போன தாயின் வளையலைத் தேடிக் கண்டுபிடித்து, பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். 2 விழுந்தது. வாளை உருவிவிட்டான்.

அக்கா அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை: "அப்போ எதுக்கு நான் வளையலைத் தேடுனேன்? பேசுறதும் பேசாம இருக்கிறதும் ஒண்ணுதான்னா நேரா வெட்டிடலாமே." அன்றைக்குப் பிறகு அந்தக் குழு யாரோடும் பேசவில்லை. கதவு திறந்தால் வாள். நான்கு செஷன் இப்படியே போனது. முன்கோபிக்கும் கிறுக்கனுக்கும் வித்தியாசம் உண்டு. முன்கோபியிடம் நாம் வார்த்தையை அளந்து பேசுவோம். கிறுக்கனிடம் அளந்தும் பலனில்லை என்று தெரிந்துவிட்டால் வாயைத் திறக்கவே மாட்டோம். பகடை என் வில்லனைக் கிறுக்கனாக்கிவிட்டது.

இடையில் அதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பின் வழியையும் பார்த்தேன். 2014இல் வந்த டிஎம் கையேட்டில் எதிராளியின் மனநிலை நட்பு, அலட்சியம், பகை என்று மூன்று. அதற்கு மேல், இருபதுமுகப் பகடையை உருட்டி எட்ட வேண்டிய 0, 10, 20 என்ற இலக்குகள். பகையாக இருப்பவனிடம் 20 எடுத்தாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத காரியத்தைத்தான் செய்து தருவான். ஒருவன் எவ்வளவு உதவுவான் என்பதை இது நன்றாக அளக்கிறது. எப்படி வெடிப்பான் என்பதை அளக்கவில்லை. அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது வட்டம். பிளேட்ஸ் இன் தி டார்க் போன்ற விளையாட்டுகளில் 'கிளாக்' என்பார்கள். ஒரு வட்டத்தை நான்காக, ஆறாக, எட்டாகப் பிரித்து, தப்பு நடக்க நடக்க ஒவ்வொரு துண்டாக நிரப்பிக்கொண்டு போவது. நிரம்பினால் காரியம் வெடிக்கும். நான் ஆறு துண்டு வட்டம் ஒன்றை ஒரு பழைய தண்ணீர் பில்லின் பின்பக்கம் வரைந்து மேசை நடுவில் வைத்தேன். முதல் நாள் நன்றாகவே இருந்தது. நான் பென்சிலை எடுத்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது நாள் அதே தம்பி (ஆமாம், திரும்பி வந்துவிட்டான்) வட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு துண்டு இருக்குண்ணே, ஒரு தடவை திட்டிக்கிறேன்" என்றான். பெட்ரோல் முள்ளைப் பார்த்துக் கார் ஓட்டுவது மாதிரி ஆகிவிட்டது. பயம் போய்க் கணக்கு வந்துவிட்டது.

சரி என்று வட்டத்தை மறைத்து வைத்தேன். இப்போது எதிர்ப்பக்கத் தொல்லை. அவன் வெடித்தபோது யாருக்கும் காரணம் தெரியவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது பழைய பகடை மாதிரியே இருந்தது. காட்டினால் பயமில்லை, மறைத்தால் நியாயமில்லை.

இதற்கு விடை எனக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. உலைவேந்தன் எல்லோரையும் "வாடா", "போடா" என்றுதான் பேசுவான். ஒரு நாள் ஏதோ நினைவில் அவனை "உட்காருங்க" என்று சொல்ல வைத்துவிட்டேன். மேசை அமைதியானது. அக்கா மெதுவாக, "இப்ப ஏன் மரியாதை குடுக்கிறான்?" என்றார். அன்றிலிருந்து அதையே அடையாளமாக்கிக்கொண்டேன். கோபம் ஏறாதவரை 'டா'. பாதி ஏறினால் 'டா' நின்றுபோகும், வெறும் "சொல்லு". அதற்கும் மேலே போனால் "சொல்லுங்க". குரலை உயர்த்த வேண்டியதே இல்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் நிம்மதி. இந்த வசதி நமக்குத் தமிழில் சும்மா கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஆடும் என் நண்பர் ஒருவர் தன் வில்லனுக்கு மோதிரத்தைத் திருகும் பழக்கம் வைத்திருக்கிறார். நமக்கு ஒரு விகுதி போதும். வீட்டில் அப்பா நம்மைத் திடீரென்று "வாங்க சார்" என்று கூப்பிட்டால் வயிற்றைக் கலக்கும் இல்லையா, அதேதான்.

ஆனால் இது கோபத்தைக் காட்டும் வழி. கோபம் எதனால் ஏறுகிறது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்கு நான் போன இடம் தொல்காப்பியம். பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன மெய்ப்பாட்டியல்தான். வெகுளி நான்கு காரணங்களால் வரும் என்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, தன்னைச் சார்ந்தவர்களை நலியச் செய்வது, வைவதும் அடிப்பதும், கொல்லத் துணிவது. எந்த டிஎம் கையேட்டிலும் கோபத்துக்கு இவ்வளவு சிக்கனமான பட்டியலை நான் பார்த்ததில்லை.

நான்கையும் உலைவேந்தனுக்குத் தைத்துக்கொண்டேன். அவனுக்கு உலைதான் உறுப்பு. ஒரு உலையை அணைத்தால் விரலை வெட்டிய மாதிரி. அவனுடைய உலைக்கூலிகளில் ஒருவனைத் தொட்டால் குடிகோள். சபையில் சிரித்தால், அப்பனைப் பேசினால் அலை. கொலையில் மட்டும் ஒரு திருப்பம் வைத்தேன்: நேருக்கு நேர் வாளோடு வருபவனை அவனுக்குப் பிடிக்கும், மறைவாக வருபவனைத்தான் பிடிக்காது. இப்போது வளையல் சம்பவத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான்கில் எதுவும் தொடப்படவில்லை, எனவே வாள் வராது. 'கரி சுமந்தவர்' என்ற பேச்சுக்கு நிச்சயம் வரும். விளையாடுபவர்களும் இரண்டு மூன்று சந்திப்பில் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். பிடிக்கட்டும். எதில் வலிக்கும் என்று தெரிந்தபிறகுதான் அதன் பக்கத்தில் நடக்கப் பயம் வருகிறது.

பகடையை முழுக்கத் தூக்கி எறியவில்லை. கோபம் வருமா என்று அதைக் கேட்பதில்லை, யார் தலையில் விழும் என்று மட்டும் கேட்கிறேன். ஒரே ஒரு ஆறுமுகப் பகடை. 1, 2 என்றால் கையில் கிடைத்த பொருள் உடையும். 3, 4 என்றால் அவனுடைய ஆளே அடி வாங்குவான். 5, 6 என்றால் எதிரே நிற்பவர். போன மாதம் திருடன் சபையில் சிரித்தபோது 3 விழுந்தது. விசிறி பிடித்துக்கொண்டிருந்த பையன் அடி வாங்கினான். திருடனாக ஆடுபவர் அப்புறம் அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை. 5 விழுந்திருந்தால் தன் கேரக்டரின் உயிர்க்கணக்கான ஹிட் பாயிண்டைக் குறைத்துக்கொண்டு போயிருப்பார்.

இன்னொரு வழியும் உண்டு, அது மற்றதற்குப் போட்டி இல்லை, பக்கத்துணை. வில்லனுக்கு அருகில் ஒரு விபீஷணனை நிறுத்துவது. இராவணன் அனுமனைக் கொல்லச் சொல்கிறான், தூதரைக் கொல்வது முறையல்ல என்று விபீஷணன் தடுக்கிறான், தீர்ப்பு வாலில் தீ வைப்பதாக மாறுகிறது. கோபம் குறையவில்லை, உருவம்தான் மாறியது. டிஎம்முக்கு இது பெரிய உதவி. வில்லன் முழு வேகத்தில் வெடிக்கலாம், விளையாடுபவர்களின் கேரக்டரும் பிழைக்கும். நான் உலைவேந்தனுக்கு ஒரு கிழட்டு அமைச்சரைக் கொடுத்தேன். பாலத்து நெரிசலில் மாட்டி வரும் ஞாயிறுகளில் அந்தக் கிழவர்தான் என்னைக் காப்பாற்றுகிறார். ஒரு குறை, அவரை அடிக்கடி பேசவிட்டால் உலைவேந்தன் பல் பிடுங்கிய பாம்பாகிவிடுவான். மூன்று முறைக்கு ஒரு முறைதான் அவர் சொல்லைக் கேட்க வைக்கிறேன்.

ஒரே நாளில் முடியும் கதை என்றால் இவ்வளவு வேண்டாம், மனதில் தோன்றுவதே போதும், சாப்பிட்டுவிட்டு மட்டும் உட்காருங்கள். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பிள்ளைகளோடு ஆடினால் வட்டத்தைத் திறந்தே வையுங்கள், அவர்களுக்கு அந்தக் கணக்கே குஷி. பகடை அட்டவணை வழிப்போக்கர்களுக்கு. மாதக்கணக்கில் கூடவே வரப்போகிற வில்லனுக்கு என் ஓட்டு நான்கு காரணங்களுக்குத்தான்.

நேற்று இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில், நான் இருப்பதை மறந்துவிட்டு, அக்கா ஒரு திட்டம் போட்டிருந்தார். அமைச்சருக்கு விருந்தில் விஷம் வைப்பதாம். கிழவர் போய்விட்டால் உலைவேந்தன் தனியாள், சுலபம் என்று தம்பியும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டான். குடிகோள் ஒன்று, மறைவாக வந்த கொலை ஒன்று, இரண்டும் ஒரே குவளையில். தடுக்க ஆளும் இருக்காது. நான் எதுவும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு உலைவேந்தன் பேச வேண்டியதை மட்டும் நோட்டில் குறித்து வைத்தேன். முதல் வரி: "வாங்க, சாப்பிட்டீங்களா?"