அம்மீட்டரைச் சோதிக்க காப்பர் வோல்டாமீட்டர்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

ஆய்வகத்தில் பழைய அம்மீட்டர் காட்டுவது சரிதானா என்ற சந்தேகம் வந்தால், நான் இன்றும் எடுப்பது காப்பர் வோல்டாமீட்டரைத்தான், அதாவது படியும் செம்பை எடை போட்டு மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை. ஒரு கண்ணாடித் தொட்டி, மூன்று செப்புத் தகடுகள், கொஞ்சம் கந்தக அமிலம் கலந்த மயில்துத்தக் கரைசல், அவ்வளவுதான். ஒரு கூலும் மின்னூட்டம் (1 ஆம்பியர் ஒரு விநாடி ஓடுவது) பாய்ந்தால் எதிர்மின்வாயில், அதாவது மின்கலத்தின் எதிர் முனையோடு இணைத்த தகட்டில், 0.3293 மில்லிகிராம் செம்பு படியும். படிந்த எடையை இந்த எண்ணாலும் விநாடிகளாலும் வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும்.

அம்மீட்டரில் 1 ஆம்பியர் வைத்து அரை மணி நேரம் ஓட்டினால் 0.593 கிராம் ஏற வேண்டும். 0.575 தான் ஏறியது என்றால், உண்மையில் ஓடியது 0.97 ஆம்பியர். ஆனால் இது அந்த அரை மணியின் சராசரி மட்டுமே. இடையில் முள் ஆடினால் ரியோஸ்டாட்டைத் (மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை) திருப்பிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

கணக்கு சுலபம். பாடுபடுத்துவது தகடுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு அதை விரலால் தொடக் கூடாது. எண்ணெய் பட்ட இடத்தில் செம்பு சரியாக ஒட்டாது. எதிர்மின்வாயை நடுவில் வைத்து இரு பக்கமும் நேர்மின்வாய் வைத்தால்தான் இரண்டு முகத்திலும் ஒரே சீராகப் படியும். 1 ஆம்பியருக்கு இரு முகமும் சேர்த்து 50 சதுர செ.மீ. கரைசலில் மூழ்கியிருந்தால் இளஞ்சிவப்பாக, கெட்டியாக வரும். சின்னத் தகட்டில் அதே மின்னோட்டத்தைத் திணித்தால் கருத்த பொடியாகப் படிந்து, கழுவும்போதே உதிரும். அப்புறம் எதை எடை போடுவது?

கழுவிய தகட்டில் ஸ்பிரிட் ஊற்றி மின்விசிறிக் காற்றில் உலர விடுவேன். அவசரத்துக்கு அடுப்பில் காட்டினால் செம்பு ஆக்சைடாகிக் கருக்கும். எடையும் பொய்யாகக் கூடும். நேர்மின்வாயில் குறைந்த எடையை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அதிலிருந்து கசடாக உதிர்வதும் அந்தக் குறைவில் சேர்ந்துவிடும்.

செலவு செய்ய வேண்டியது தராசுக்குத்தான். 10 மில்லிகிராம் வரை மட்டும் காட்டும் தராசு என்றால், மேலே சொன்ன அரை மணிச் சோதனையிலேயே கிட்டத்தட்ட 2 சதவீதம் தடுமாற்றம். 1 மில்லிகிராம் காட்டுவது இருந்தால் தாராளமாக நம்பலாம்.

வெள்ளி வோல்டாமீட்டர் இதைவிட மேல்தான். ஒரு கூலுமுக்கு 1.118 மில்லிகிராம் படியும். 1908 முதல் 1948 வரை சர்வதேச ஆம்பியரையே அந்த எண்ணை வைத்துத்தான் வரையறுத்திருந்தார்கள். ஆனால் சில்வர் நைட்ரேட் விற்கிற விலைக்கும், கையில் விழும் கறுப்புக் கறைக்கும், பள்ளி ஆய்வகத்துக்கு அது தோதுப்படாது.

மில்லி அம்மீட்டரைச் சோதிக்க மட்டும் இதைத் தேட வேண்டாம். 100 மில்லிஆம்பியரில் அரை மணி ஓட்டினாலும் ஏறுவது 59 மில்லிகிராம்தான். கழுவும்போது கொஞ்சம் உதிர்ந்தாலே கணக்கு போச்சு.