விளையை மனை போடுவதா, ரோட்டோரம் மட்டும் வீடு வைப்பதா?

குமரி மாவட்டத்தில், தக்கலைக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் விளை (மேட்டுத் தோப்பு நிலம்) இருக்கிறது. தென்னை, மா, அயனி, இரண்டு மூடு வருக்கைப் பலா, ஊடாக மட்டி, ஏத்தன் வாழைகளும். வாழையைத் தவிர எல்லாம் தாத்தா காலத்து மரங்கள். பங்காளிகள் நான்கு பேருக்கும் வீடு வைக்க இடம் வேண்டும் என்றபோது இரண்டு வழி வந்தது. ஒன்று, மொத்தத்தையும் விற்றுவிடுவது. வாங்குபவர் 5 சென்ட் மனைகளாகப் பிரிப்பார், நாமும் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளலாம். மற்றது, மேட்டில் ரோட்டோரத்தை மட்டும் பாகம் வைத்து நான்கு வீடு கட்டிக்கொண்டு, கீழ்ச்சரிவைத் தோப்பாகவே பொதுவில் விடுவது. நாங்கள் இரண்டாவதைத்தான் செய்தோம். சுற்றுவட்டாரத்தில் பல விளைகளில் இப்போது இதே பேச்சு நடப்பதால் காரணத்தைச் சொல்கிறேன்.

பணக் கணக்கில் மனைதான் மேல். தேங்காய் விலை ஏறும், இறங்கும். மரமேற ஆள் கிடைப்பதே பாடு. 2017 ஓகி புயலில் ஒரே இரவில் சாய்ந்த மரங்களை யாரும் மறக்கவில்லை. அங்கீகாரம், பத்திரம் எல்லாம் முறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இடத் தேவையும் பொய்யில்லை. 2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், மாநில சராசரியைப் போல இரண்டு மடங்கு. "எல்லாரும் மரத்தக் காப்பாத்தணும்னா எம் பிள்ளைய எங்க கொண்டு வீடு வச்சிக் குடுப்பேன்?" என்று சித்தி கேட்டபோது கூடியிருந்த ஒருவரும் பதில் பேசவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தோப்பைக் காப்போம் என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்.

5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 47 அடிகூட வராது. குடிநீர்க் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே 50 அடியாவது வேண்டும் என்று கொத்தனார்கூடச் சொல்வார். ஒரு மனைக்குள் அந்த இடைவெளிக்கே திணற வேண்டும் என்றால், பக்கத்து மனைக்காரர் தன் டேங்கை எங்கே வைப்பார் என்பதை யார் தீர்மானிப்பது? எங்கள் விளையில் ரோட்டுக்கு விட்டது போக இருபது மனை விழும். இருபது டேங்க், சரிவில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. எல்லாவற்றுக்கும் கீழே ஏலாவும் (பள்ளத்து வயல்) குளமும், அந்தக் கரையில் ஏற்கனவே குடியிருப்பவர்களின் கிணறுகளும். நிலம் விற்பவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். கீழே இருப்பவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

அடுத்தது மழை. 5 செ.மீ. மழை பெய்தால் ஒன்றரை ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 3 லட்சம் லிட்டர். விளையில் அது எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறேன். தென்னை மூட்டில் பாத்தியாகத் தடம் வெட்டித் தொண்டு (உரித்த தேங்காய் மட்டை) புதைத்திருப்போம். கையாலைக்கு (சரிவின் குறுக்கே எழுப்பிய மண்வரப்பு) உள்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும், மேலே சருகு மிதக்கும். பொழுது சாய்வதற்குள் வற்றிவிடும். அடுத்த சில நாளில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வெட்டுக்கல் சுவரில், மேட்டுப் பக்கமாக, ஊற்று கசிந்து வடிவது தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் இது. அப்படியிருந்தும் கோடையில் கிணறு வற்றுகிற இடங்கள் கூடுகின்றன என்றால், மழை இறங்க மண்ணை நாம் விட்டுவைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். மனை போடும்போது முதலில் ஜேசிபி வந்து கையாலைகளைத் தட்டி நிலத்தை நிரப்பாக்கும். அப்புறம் ரோடு, கூரை, முற்றத்தில் இன்டர்லாக் கல். மழைநீர்த் தொட்டி 2003 முதல் கட்டாயம்தான். அது கூரைத் தண்ணீரை வாங்கும். ரோட்டுத் தண்ணீர் செம்மண்ணோடு நேரே குளத்துக்குப் போகும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: நான்கு வீட்டு டேங்குகளும் வடக்கு ஓரத்தில் ஒரே வரிசை, தென்கோடியில் இருக்கும் பழைய கிணறு நான்கு வீட்டுக்கும் பொது. வீட்டுக்காக ஏழு தென்னையும் ஒரு மாவும் போயின. கீழ்ச்சரிவில் ஒரு கையாலையையும் தொடவில்லை.

இதில் குறை இல்லாமல் இல்லை. பொதுவில் கிடக்கும் நிலம் அடுத்த தலைமுறையில் வழக்காகலாம். கிணற்றுக்கும் பாதைக்கும் உள்ள உரிமையைப் பாகப்பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம், அது எவ்வளவு தாங்கும் என்பது பிள்ளைகள் கையில். பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் என்றால் ரோட்டோரம் போதாது. எங்கள் அனுபவம் சரிவான செம்மண் நிலத்தோடு சரி. கடற்கரைப் பக்கத்து மணல் தோப்புக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் வாங்குமுன் இரண்டைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: டேங்குகள் எந்த ஓரத்தில் வரும், பழைய கிணறு மூடப்படுமா பொதுவில் இருக்குமா. வரைபடம் போடும் முன்னால் கேட்டால் மாற்றுவார்கள். கல் நட்டுவிட்டால் ஒவ்வொரு மனைக்காரரிடமும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டும்.