இறக்கத்தில் வேகக் குறைப்பு: ஒரே பலகையா, படிப்படியா?

இலங்கையில் கார்களுக்கு ஊருக்கு வெளியே வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்ப்பகுதியில் 50. ஹட்டன், நுவரெலியா பக்கம் இறக்கத்தின் அடியில் பாடசாலையோ லயனோ (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருந்தால் 30 தான் நியாயம். அதை எப்படிக் கொண்டுவருவது?

ஒரே வேக எல்லைப் பலகை: 70-இலிருந்து நேரே 30. செலவு குறைவு. ஏற்றத்தில் இதுவே போதும், வண்டி தானாகவே தளரும். இறக்கத்தில் கதை வேறு. பலகையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி, அதற்குள் 49 மீற்றர் போய்விடும். சமதரையில் மிதமான பிரேக்குக்கு மேலும் 77 மீற்றர் வேண்டும். 8 சதவீத இறக்கத்தில் அதே அழுத்தத்துக்கு அது ஏறக்குறைய 130 ஆகிறது. சாரதி பதறி மிதித்தால் பின்னால் வரும் பஸ் இடிக்கும்.

படிப்படியாக: முதலில் 50, பிறகு 30. முதல் பலகையை இறக்கம் தொடங்குமுன் நடவேண்டும். தேயிலைக் கொழுந்து லொறிக்காரர் அங்கேயே கியரைக் குறைத்தால்தான் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதைத் தவிர்க்கலாம். இரண்டுக்கும் இடையே 150 முதல் 200 மீற்றர் விடுங்கள். 60, 40 என்று இடையில் செருகவேண்டாம், யாரும் வாசிக்கமாட்டார்கள். வளைவுக்குள் நடாமல், அதற்கு முந்திய நேர்ப்பகுதியில் நடுங்கள். மூடுபனிக்கு ஒளி தெறிக்கும் தாள் அவசியம். மானாப்புல் வளர்ந்து மறைக்கும், அடிக்கடி வெட்டவேண்டும்.

இறக்கமென்றால் இரண்டாவதே எங்கள் தெரிவு. நட்டபின் நெரிசலில்லாத நேரத்தில் 100 வண்டிகளின் வேகத்தை அளந்து, குறைந்ததிலிருந்து கூடியதுக்கு வரிசைப்படுத்துங்கள். 85ஆவது வண்டி 30-ஐ வெகுவாகத் தாண்டினால் பலகை மட்டும் போதாது, வீதியின் ஓடுபாதையை ஒடுக்கவேண்டும்.