ஜைரோ பொருத்தி நான்கு கோடை: பால்மாவில் ஒரு 19 மீட்டர் யாட்டின் அனுபவம்

படகு ஓடும்போது ஆடுவதைத் தாங்கிக்கொள்ளலாம். நங்கூரம் போட்டு நிற்கும்போது ஆடுவதுதான் ஆளைக் கொல்லும். நான் எஞ்சினியராக வேலை பார்ப்பது ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், பால்மாவில் நிற்கும் ஒரு 19 மீட்டர் மோட்டார் யாட்டில். கோடையில் பாதி நாள் இபிசாவுக்கும் ஃபொர்மென்டெராவுக்கும் நடுவில் எஸ்பல்மடோர் பக்கம் நங்கூரத்தில்தான் கிடப்போம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு தீவுகளுக்கும் இடையே நாள் முழுக்க ஓடும் ஃபெர்ரிகளின் அலை பக்கவாட்டில் வந்து அடிக்கும். ராத்திரி காற்று விழுந்ததும் அணியம் (படகின் முன்பக்கம்) ஒரு பக்கம் பார்க்கும், பழைய அலை விலாவில் வந்து மோதும். ஒதுக்கமான இடமாகப் பார்த்து நகரலாம் என்றால் அதுவும் எளிதில்லை. பொசிடோனியா கடற்புல்லின் மேல் நங்கூரம் போட இந்தத் தீவுகளை ஆளும் பலேரிக் மாநில அரசு 2018-லேயே தடை போட்டுவிட்டது. நியாயமான தடைதான், அந்தப் புல் அழிந்தால் திரும்ப வளர காலம் பிடிக்கும். ஆக, மணல் தெரியும் இடத்தில் நின்று, வருகிற ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாளியின் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒரு ராத்திரிகூட அவரால் படகில் தூங்க முடியவில்லை. ஜைரோ பேச்சு தொடங்கியது அதனால்தான். ஜைரோ என்பது உள்ளே வேகமாகச் சுற்றும் கனமான சக்கரத்தைக் கொண்டு படகின் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் எந்திரம்.

ஃபின், அதாவது படகின் அடியில் இருபுறமும் நீட்டிக்கொண்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்பு, வைக்கலாமா என்றும் யோசித்தோம். ஓட்டத்தில் ஃபின் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அதன் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நிற்கும்போதும் வேலை செய்கிற ஃபின்கள் உண்டு. ஆனால் அடிப்பாகத்தில் துளை போட வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கயிறு சிக்கும். எங்கள் படகு நிற்கும் நேரம்தான் அதிகம் என்பதால் ஜைரோ பக்கம் சாய்ந்தோம். நாள் முழுக்க ஓடுகிற படகாக இருந்தால் நானே ஃபின்னைத்தான் சொல்லியிருப்பேன்.

சந்தையில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சீகீப்பர் வெற்றிட உறைக்குள் சக்கரத்தைச் சுற்றவிடுகிறது. காற்றின் தடை இல்லாததால் சிறிய சக்கரமே மிக வேகமாகச் சுற்றும். ஆனால் வெற்றிடத்தில் பேரிங் சூடு காற்று வழியாக வெளியே போகாது, அதற்குக் கூலன்ட்டும் கடல்நீரும் வேண்டும். இத்தாலியின் ஸ்மார்ட்ஜைரோவும் வெற்றிட வகைதான், படகிலேயே பிரித்துப் பராமரிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். குயிக் நிறுவனத்தின் எம்சி2-வில் வெற்றிடமும் இல்லை, கடல்நீரும் இல்லை, காற்றிலேயே குளிரும். ஆஸ்திரேலியாவின் வீம் பெரிய கப்பல்களுக்கானது. நாங்கள் எடுத்தது வெற்றிட வகை.

எந்த அளவு எடுப்பது என்பதில்தான் முதலாளியிடம் நான் மல்லுக்கட்டினேன். விற்பனையாளர் படகின் நீளத்தையும் பிரசுரத்தில் இருந்த எடையையும் வைத்துக் கணக்குப் போட்டார். அதில் இருந்த 28 டன் காலிப் படகின் எடை. டீசல், தண்ணீர், பின்னால் ஏற்றிய டெண்டர் (கரைக்குப் போய்வரும் சிறு படகு), ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் எங்களுக்கு 33 டன். எங்கள் ஜி.எம். (சாய்ந்த படகு எவ்வளவு வலுவாக நிமிரும் என்பதைக் காட்டும் அளவு) சுமார் 1.3 மீட்டர். இப்படி ஒரு படகை ஒரே ஒரு டிகிரி சாய்க்க 7,300 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தேவை. 9,000 நியூட்டன் மீட்டர் செகண்ட் கோண உந்தம் (சக்கரத்தின் சுழற்சி வலு) உள்ள ஜைரோ, அதன் சக்கரம் நொடிக்கு 1 ரேடியன் (சுமார் 57 டிகிரி) வேகத்தில் முன்பின்னாகச் சாயும்போது தருவது 9,000 நியூட்டன் மீட்டர். அதாவது படகை ஒன்றேகால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்க்கும் அளவு. அப்புறம் எப்படி 10 டிகிரி ஆட்டத்தை அடக்குகிறது? அடக்குவதில்லை, வளரவிடுவதில்லை. ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் லேசாகத் தள்ளத் தள்ள உயரே போகிற மாதிரிதான் அலை படகை ஆட்டுகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் எதிராக ஜைரோ அந்த ஒரு டிகிரி விசையைக் கொடுத்துவிட்டால் ஆட்டம் சேராது. அந்த விசை போதாவிட்டால் ஆட்டம் சேர ஆரம்பித்துவிடும். அதனால் பாரம் ஏற்றிய எடையைச் சொல்லுங்கள், ஜி.எம். என்ன என்று படகு கட்டியவரிடம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் விற்பனையாளர் சொன்னதைவிட ஒரு படி பெரியதை எடுத்தோம். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

பொருத்தியதில்தான் அடி வாங்கினோம். ஜைரோ தருவது வெறும் திருப்புவிசை என்பதால் படகின் நடுக்கோட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, படகின் சட்டகம் தாங்கினால் போதும். அதைச் சாக்காக வைத்து, வேலை செய்த யார்டு அதை மூலையில் தள்ளி, முன்னால் வாட்டர் ஹீட்டரை நிறுத்திவிட்டது. இரண்டாம் குளிர்காலத்தில் சக்கரம் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் பிரேக் சிலிண்டரைப் பார்க்கக் கை நுழையவில்லை. ஹீட்டரைக் கழற்றி, குழாய்களைத் திருப்பிப் போட்டு முடிக்க ஒரு வாரம் ஆனது. வரைபடத்திலேயே கேளுங்கள்: இந்த எந்திரம் முழுதாக வெளியே வர வழி எது?

மின்சாரம் அடுத்த விஷயம். எங்களுடையது சக்கரம் வேகம் எடுக்கும்போது 3 கிலோவாட் வரை இழுக்கும், பிறகு ஒன்றரைக்குக் குறையும். வேகம் எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால், கரை மின்சாரத்தில் இருக்கும்போதே போட்டுவிட்டுத்தான் கயிறு அவிழ்ப்பேன். முதல் கோடையில் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓடியது. ஆட்டம் போய் இரைச்சல் வந்தது, பக்கத்துப் படகுக்காரர்களுக்கும் தொல்லை. ஒன்றரை கிலோவாட் எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட். 24 வோல்ட்டில் அது 500 ஆம்பியர் மணி. முழுதாக வடியவிடக் கூடாது என்பதால் அதற்கும் மேலே லித்தியம் பேட்டரி போட்டோம். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஜைரோவின் விலையைக் கணக்கிட வேண்டும்.

பராமரிப்பில் என் தூக்கத்தைக் கெடுத்தது கடல்நீர் வடிகட்டி. காற்றடித்த மறுநாள் பொசிடோனியா இலைகள் மிதந்து வந்து அடைத்துவிடும். ஒரு முறை அதிகாலை 3 மணிக்கு அலாரம் அடித்தது, சூடு ஏறி ஜைரோ தானாகப் பூட்டிக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் எல்லாரும் விழித்துவிட்டார்கள். ஜைரோ இல்லாமல் இந்தப் படகு எப்படி ஆடும் என்பது எல்லாருக்கும் மறந்தே போயிருந்தது. இப்போது தினமும் மாலை படுக்கைக்கு முன் வடிகட்டியைக் கழுவுகிறேன். தாங்கு போல்ட்டுகளின் இறுக்கம், கூலன்ட் அளவு, ஜிங்க் (அரிப்பைத் தடுக்கும் துத்தநாகத் துண்டு) மூன்றையும் சீசனுக்கு இரண்டு முறை பார்க்கிறேன்.

ஓட்டத்தில் நிலைமை வேறு. எதிர் அலையில் அணியம் தூக்கிக் குத்தும் ஆட்டத்துக்கு ஜைரோ எதுவும் செய்யாது. பின்னாலிருந்து சாய்வாகப் பெரிய அலை வந்தால் சக்கரம் சாயும் எல்லையைத் தொட்டுவிடும், பிரேக் பிடிக்கும், பலன் குறையும். டிரமுந்தானா என்ற வடக்குக் காற்று பலமாக வீசுகிற நாளில் ஜைரோ இருக்கிறதே என்று கிளம்பக் கூடாது, முதலாளியிடம் இதை நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஆகஸ்டில் அந்த அம்மா தொடர்ந்து ஒன்பது ராத்திரி படகில் தங்கினார். பின் அறையில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது என்று மட்டும் சொன்னார். இந்தக் குளிர்காலத்தில் அந்தத் தடுப்புச் சுவருக்கு ஒலித்தடுப்புப் பலகை போடப் போகிறேன்.