மூளைக்குள் எவ்வளவு ஆழம் போகலாம்?

மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கியவருக்கும் ஏஎல்எஸ் என்னும் நரம்புத் தேய்வு நோய் முற்றியவருக்கும் ஒரே துயரம். "தண்ணீர்" என்று சொல்ல முயல்கிறார். மூளையின் இயக்கப் புறணி உதட்டுக்கும் நாவுக்கும் குரல்வளைக்கும் ஆணை அனுப்புகிறது. அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆனால் ஆணை பிறப்பது நிற்பதில்லை. பக்கவாதத்துக்குப் பதினைந்து, பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அது பிறந்துகொண்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மூளையின் சமிக்ஞையைக் கணினியால் படித்துச் சொல்லாகவும் அசைவாகவும் மாற்றும் 'மூளை-கணினி இணைப்பு' என்னும் துறை முழுவதும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

அந்த ஆணையை எங்கிருந்து ஒட்டுக்கேட்பது என்பதில்தான் போட்டி. மூளைத் திசுவுக்குள் ஊசி இறக்கிக் கேட்கலாம், மூளையின்மேல் தகடு விரித்துக் கேட்கலாம், இரத்தக்குழாய்க்குள் இருந்து கேட்கலாம், மண்டையோட்டைத் தொடாமல் வெளியிலிருந்தும் கேட்கலாம். இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்றே கேட்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. ஆய்வாளர் யாரும் அருகில் இல்லாத ஒரு சாதாரண நாளில், வீட்டில், அந்தக் கருவி எத்தனை ஆண்டு கூட வரும் என்பதே முதல் கேள்வி.

பேச்சின் துல்லியத்தில் ஊசி மின்முனைகளை மிஞ்ச இன்று வேறொன்றில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். யூட்டா மின்முனை என்று அழைக்கப்படும் சில்லு நான்கு மில்லிமீட்டர்ச் சதுரம்தான். அதில் சீப்பின் பற்களைப்போல நெருங்கி நிற்கும் நுண்ணிய ஊசிகள் புறணிக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இறங்கி, தனித்தனி நியூரான்களின் துடிப்பையே பிடிக்கின்றன. பிரெயின்கேட் ஆய்வுக் குழு 2004-இல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தியது. 2021-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ஒருவர் கையால் எழுதுவதாக மனத்தில் முயன்றே நிமிடத்துக்கு 90 எழுத்துகளைத் திரையில் கொண்டுவந்தார். 2023-இல் அங்கேயே ஏஎல்எஸ் நோயாளி ஒருவர் நிமிடத்துக்கு 62 சொற்களை எட்டினார். ஆனால் 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியில் நான்கில் ஒன்று பிழையாக வந்தது.

2024-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட முடிவுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. 256 மின்முனைகள், அதே 1,25,000 சொற்கள், 97 விழுக்காட்டுக்கும் மேலான துல்லியம். வேகம் நிமிடத்துக்கு 32 சொற்கள் அளவில், அதாவது முந்தைய ஆய்வில் பாதி. இருந்தும் எட்டு மாதத்தில் அந்த நோயாளி 248 மணி நேரத்துக்கும் மேல் தாமாக உரையாடினார். நோய்க்கு முன் பதிவான அவருடைய சொந்தக் குரலின் சாயலிலேயே கணினி அவர் சொற்களை வாசித்தது. நான்கில் ஒரு சொல் தவறினால் கேட்பவர் ஊகித்துக்கொண்டே இருக்கவேண்டும். நாற்பதில் ஒன்று தவறினால் அது உரையாடல். வேகத்தைவிட இந்த வேறுபாடுதான் பெரிது.

இதற்கான விலையும் உண்டு. யூட்டா மின்முனையின் கம்பி தோலைத் துளைத்துக்கொண்டு மண்டைக்கு வெளியே ஓர் இணைப்பில் முடிகிறது. அதைச் சுற்றித் தோல் புண்ணாவது வழக்கமான தொல்லை. பிரெயின்கேட் குழு 2004 முதல் 2021 வரை 14 பேரிடம் திரட்டிய 12,000-க்கும் மேற்பட்ட நாள்களின் கணக்கில், கருவியால் மரணமோ நிரந்தர ஊனமோ மூளைத் தொற்றோ நேரவில்லை. அது ஆறுதல் தரும் கணக்கு. ஆனாலும் திசு, அந்நியப் பொருளைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. சமிக்ஞை நாளுக்கு நாள் நகர்கிறது. கணினி நிரலை அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

எலான் மஸ்கின் நியூராலிங்க் நிறுவனம் தோலைத் துளைக்கும் கம்பியை ஒழித்துவிட்டது. 64 மெல்லிய இழைகளில் 1,024 மின்முனைகள், மண்டையோட்டுக்குள் பதியும் கம்பியில்லாக் கருவி, இழைகளைத் தைக்கத் தனி ரோபோ. 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய சில வாரங்களில் இழைகள் பல திசுவிலிருந்து பின்வாங்கின. மென்பொருளை மாற்றியமைத்த பிறகே திரைச்சுட்டியின் வேகம் மீண்டது. புதிய பாதையில் இப்படி நடப்பது இயல்புதான். ஆனால் கம்பி இல்லை என்ற ஒரே வசதிக்காக அதைச் சிறந்ததென்று சொல்லிவிடமாட்டேன்.

தகடு வேறு வகை. திசுவைத் துளைக்காமல் மூளையின்மேல் படுத்திருக்கும். தனி நியூரானின் குரலை அதனால் பிரித்துக் கேட்க முடியாது. கூட்டத்தின் இரைச்சலைத்தான் கேட்கும். அதையே வைத்துக்கொண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு 2023-இல் 253 மின்முனைகளால் நிமிடத்துக்கு 78 சொற்களை எடுத்தது. 1,024 சொற்கள் கொண்ட அகராதி, கால்பங்கு பிழை. அதோடு திரையில் ஒரு முகம் அசைந்து, அந்தப் பெண்ணின் பழைய குரலில் பேசியது. தொடக்கத்தில் ஒரு வாக்கியம் வெளிவர எட்டு வினாடி காத்திருக்கவேண்டியிருந்தது. 2025-இல் அது ஏறத்தாழ ஒரு வினாடியாகச் சுருங்கியது. எட்டு வினாடி மௌனத்தில் எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு வினாடியில் குறுக்கிடலாம், மறுக்கலாம், சண்டையும் போடலாம்.

"மேற்பரப்பு" என்ற சொல்லைக் கேட்டு இது சிறு சிகிச்சை என்று எண்ணிவிடக்கூடாது. இவ்வளவு பெரிய தகட்டுக்கு மண்டையோட்டைத் திறந்தாகவேண்டும். இதன் உண்மையான பலம் சமிக்ஞை நீண்ட காலம் நிலையாக இருப்பது.

இரத்தக்குழாய் வழி போகும் ஸ்டென்ட்ரோடுக்கு மண்டையோட்டைத் திறக்கவே வேண்டாம். கழுத்துச் சிரை வழியாக ஏற்றி, இயக்கப் புறணிக்கு அருகே ஓடும் பெருஞ்சிரையில் நிறுத்துகிறார்கள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைப்பதற்கு ஒப்பான வேலை. அமெரிக்காவில் ஆறு பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டுக்குள் கருவியால் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்படவில்லை. ஆனால் இருப்பவை 16 மின்முனைகள்தான். இன்றைக்கு இதனால் பேச்சை மீட்க முடியாது. திரையில் ஒன்றைத் தேர்ந்து சொடுக்கலாம், செய்தி அனுப்பலாம். கையசைவு முழுதும் போய், பேச்சு மட்டும் மிஞ்சியிருப்பவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

தலைக்கு வெளியே வைக்கும் மின்முனைத் தொப்பியால் எழுத்துகளைத் தேர்வது 1988-லேயே செய்துகாட்டப்பட்டது. மிகவும் மெதுவானது. கண்ணசைவைப் பின்தொடரும் கருவி அதைவிட எவ்வளவோ மேல். கண் நன்றாக அசையும்வரை முதலில் அதைத்தான் முயலவேண்டும் என்பேன்.

கைகால் அசைவில் கதை இன்னும் கடினம். பேச்சுக்கு ஓர் ஒலிபெருக்கி போதும். கைக்கு ஒரு கை வேண்டும். 2012-இல் பக்கவாதத்தால் முடங்கிய பெண் ஒருவர் ரோபோக் கையால் காபிப் புட்டியைத் தாமே எடுத்துக் குடித்தார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் அவர் தாமாக எடுத்துக் குடித்தது அதுவே முதல்முறை. 2017-இல் கிளீவ்லாந்தில் ஒருவர் தம் சொந்தக் கையின் தசைகளை மின்தூண்டலால் இயக்கி உணவு உண்டார். 2023-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் மூளைச் சமிக்ஞையைத் தண்டுவடத் தூண்டலோடு இணைத்து, பன்னிரண்டு ஆண்டுகளாக முடங்கியிருந்தவரை நடக்கவைத்தார்கள். பயிற்சிக்குப் பின், கருவியை அணைத்துவைத்த நேரத்திலும் அவரால் ஊன்றுகோலோடு நடக்க முடிந்தது. இந்த மூன்றில் ரோபோக் கையைவிட மற்ற இரண்டின்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், சொந்த உடம்பையே திரும்ப வேலைக்கு அழைப்பதால். ரோபோக் கைக்கும் தொடுவுணர்வைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. 2021-இல் பிட்ஸ்பர்க் ஆய்வில் உணர்வைத் திருப்பி அனுப்பியதும் ஒரு பொருளை எடுத்துவைக்கும் நேரம் ஏறத்தாழ 21 வினாடியிலிருந்து 10 வினாடிக்கு இறங்கியது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அறுவைக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நிறுவனம் கையை விரித்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? ஆர்கஸ் 2 என்னும் செயற்கை விழித்திரையைப் பொருத்திக்கொண்டவர்கள் 350-க்கும் மேற்பட்டோர். தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்டபோது, பழுதுபார்க்க ஆளில்லாத கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவர்கள் தவித்தார்கள். மண்டைக்குள் இருப்பதற்கு இந்த நிலை வரக்கூடாது.

என் முதல் கேள்விக்கு மிக நேர்மையான பதில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரிலிருந்து வந்தது. ஏஎல்எஸ் முற்றிய ஒரு பெண்ணுக்கு மூளைமேல் சில மின்முனைகளும் மார்புத் தோலுக்கடியில் ஓர் அனுப்பியும் பொருத்தினார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி நிமிடத்துக்கு இரண்டு எழுத்து. மேலே சொன்ன எண்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூசும் வேகம். ஆனால் அதை அவர் ஏழு ஆண்டுகள் தம் வீட்டில், ஆய்வாளர் துணையின்றிப் பயன்படுத்தினார். கண் கருவி அவருக்கு மெல்லமெல்லக் கைகொடுக்காமல் போகப்போக, இதன் பயன்பாடு கூடியது. கடைசியில் அது நின்றபோது கருவியில் பழுதெதுவும் காணப்படவில்லை. சமிக்ஞைதான் மெலிந்திருந்தது. நோயால் மூளைத் திசு சுருங்கியதே காரணமாக இருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள்.

ஆகவே பக்கவாதத்தாலும் தண்டுவடக் காயத்தாலும் முடங்கியவர்கள் கம்பியில்லாத, நிலையான அடுத்த தலைமுறைக் கருவிக்காகச் சில ஆண்டு பொறுத்திருக்கலாம். ஏஎல்எஸ் உள்ளவருக்கு அந்தப் பொறுமை நட்டம். குரல் தெளிவாக இருக்கும்போதே அதைப் பதிவுசெய்து வைப்பதும், ஆய்வில் சேர்வது பற்றிய பேச்சை முன்கூட்டியே மருத்துவரிடம் தொடங்குவதும் அவருக்கு இன்றைய வேலை.