சமூகப்பணி மாணவர்கள்: இரண்டு வார வெளிநாட்டுச் சேவைப் பயணமா, வேறு வழியா?

வெளிநாட்டுச் சேவைப் பயணம் போய்வந்த சமூகப்பணி மாணவர்களின் களக் குறிப்பேடுகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும்: "இவ்வளவு வறுமையிலும் இந்த மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!" எழுதியவரின் மனம் நல்ல மனம்தான். ஆனால் மொழி தெரியாத ஊரில் நம்மால் வாசிக்க முடிகிற ஒரே எழுத்து முகத்துச் சிரிப்பு. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்து எவரும் சிரிக்கத்தான் செய்வார்கள். வாடகை எத்தனை மாதம் பாக்கி, மருந்து ஏன் பாதியில் நின்றது என்பதெல்லாம் பத்தாவது சந்திப்பில் வெளிவரும் செய்திகள். இரண்டு வாரத்தில் பத்தாவது சந்திப்பு கிடையாது.

இந்த ஒரு வாக்கியத்துக்காகக் குறுகிய காலப் பயணமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதே பணத்தையும் அதே விடுமுறையையும் வைத்துக்கொண்டு ஒரு சமூகப்பணித் துறை வேறு என்ன செய்ய முடியும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தகுதி விளங்கும். களத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன: இரண்டு வாரச் சேவைப் பயணம், வெளிநாட்டில் ஒரு கல்விப் பருவம் முழுவதும் களப்பயிற்சி, தன் ஊரிலேயே குடிபெயர்ந்து வந்த மக்களோடு களப்பணி, இணையவழிக் கூட்டு வகுப்பு.

முதலில் மணிக்கணக்கு. அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் குழு, இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 400 மணி நேரமும் முதுநிலைக்குக் குறைந்தது 900 மணி நேரமும் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. இந்தத் தொழிலின் அடையாளமான கற்பித்தல் முறையே களப்பயிற்சிதான் என்று 2008 இல் அது வரையறுத்தது. இரண்டு வாரப் பயணத்தில் வேலை நாள்கள் பத்து. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 60 மணி நேரம். 900 இல் அது ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் அறிமுகக் கூட்டம், வண்டிக்குக் காத்திருப்பு, வயிற்றுக்கோளாறில் படுத்த நாள் எல்லாம் கழிந்துவிடும். தொழில்திறன் கற்கப் போகிறோம் என்ற பேச்சை இந்தக் கணக்கு அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

எஞ்சிய நேரத்திலும் என்ன நடக்கிறது? ஓர் இல்லச் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். மாணவி கேள்வி கேட்கிறாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்கிறார். எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் பெண் இரண்டு நிமிடம் பேசுகிறாள். நடுவில் குரல் தாழ்கிறது, முந்தானையின் நுனியை விரலில் சுற்றுகிறாள், கதவுப் பக்கம் ஒருமுறை பார்க்கிறாள். மொழிபெயர்ப்பாளர் திரும்பி, "கஷ்டமாக இருக்கிறது என்கிறார்" என்று முடித்துவிடுகிறார். மாணவி அந்த மூன்று சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள். குரல் ஏன் தாழ்ந்தது, கதவுக்கு வெளியே யார் நின்றார் என்பது எழுதப்படவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது. அவர் அதே தெருக்காரர், நாளைக்கும் அங்கே இருக்க வேண்டியவர். இந்தச் சந்திப்பை 'சேவை' என்று கணக்கெழுதினால் அது பொய். ஆனால் அன்று மாலை மேற்பார்வையாளர் அந்த மாணவியை உட்காரவைத்து, "அவள் பேசிய நேரம் எவ்வளவு, உன் குறிப்பில் இருப்பது எவ்வளவு?" என்று கேட்டால், அது வகுப்பறையில் எந்த ஆசிரியராலும் நடத்த முடியாத பாடம். குறுகிய பயணத்தின் நியாயம் அந்த மாலை நேரத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பகல் முழுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு இரவு களைத்துத் தூங்கும் திட்டங்களில் அது இடம்பெறுவதே இல்லை.

தீங்கைப் பற்றியும் நேராகப் பேசிவிட வேண்டும். பாதிரியாரும் சமூக விமர்சகருமான இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாகாவில், கோடைச் சேவைத் திட்டங்களில் ஈடுபட்டிருந்த மாணவர்கள் முன் நின்று, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் முகத்துக்கு நேரே பேசினார். கடுமையான பேச்சுதான். 2010 ஜனவரியில் ஹெய்தி நிலநடுக்கத்துக்குப் பின் நடந்ததை நினைத்தால் அந்தக் கடுமை புரியும். 33 குழந்தைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டி அழைத்துச் செல்ல முயன்ற பத்து அமெரிக்கர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். போனவர்கள் மாணவர்கள் அல்லர், ஒரு சமயக் குழுவினர். ஆனாலும் 'ஆதரவற்ற குழந்தை' என்ற சொல்லை விசாரிக்காமல் நம்பும் பழக்கம் பயணக் குழுக்களுக்குப் பொதுவானது. இதற்கும் முன்பே, 2009 இல், குடும்பத்தை விட்டுப் பிரிந்த குழந்தைகளின் பராமரிப்புக்கான நெறிமுறைகளை ஐ.நா. பொதுச்சபை ஏற்றிருந்தது. 2019 இல் அதே சபை, குழந்தைகள் இல்லங்களில் தன்னார்வப் பணி, சுற்றுலாவோடு சேர்ந்து வருவது உட்பட, உண்டாக்கும் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியது. குழந்தையின் பிணைப்பு உறவுகளைப் பற்றித் தேர்வெழுதிய மாணவரே இரண்டு வாரம் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுவது எனக்குத் தாங்க முடியாத முரண்பாடு. பயணத் திட்டத்தில் குழந்தைகள் இல்லம் இருந்தால் அதில் கையெழுத்திடாதீர்கள்.

அப்படியானால் ஒரு பருவம் முழுவதும் போய்த் தங்குவது மேலானதா? கற்பவருக்கு மேலானதுதான், சந்தேகமில்லை. மொழி ஓரளவு நாக்கில் படியும், ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், உள்ளூர் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கித் திருந்தலாம். 1987 இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் இன்றைய வடிவத்தில் மாணவர் பயிற்சிக்கு வெளிநாட்டில் குறைந்தது இரண்டு மாதம் தங்க வேண்டும். சிக்கல், யாரால் போக முடியும் என்பதுதான். மாலை வேலைக்குப் போய்க் கல்விக் கட்டணம் கட்டும் மாணவரால் முடியாது. கைக்குழந்தை உள்ளவரால் முடியாது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரால் முடியாது. நாளை சேவை பெறுவோரின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த மாணவர்கள் பெரும்பாலும் இவர்களே. நீண்ட பயிற்சி மிகச் சிறந்தது என்று சொல்லும்போதே, அது சிலருக்கானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே எராஸ்மஸ் திட்டம் இப்போது ஐந்து முதல் முப்பது நாள் வரையிலான குறுகிய பயணத்தை இணையவழிக் கல்வியோடு இணைத்து அனுமதிப்பது இந்தத் தடையைப் பார்த்துத்தான். நல்ல ஏற்பாடு.

இணையவழிக் கூட்டு வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரு நாட்டு மாணவர்கள் ஒரே வழக்கை எடுத்துக்கொண்டு, தத்தம் நாட்டுச் சட்டமும் குடும்ப அமைப்பும் அதை எப்படித் திசைதிருப்பும் என்று விவாதிப்பது பயனுள்ளது, செலவும் குறைவு. இருந்தாலும் திரையில் தெருவின் வாடை வராது. பயணத்துக்கு முன்னோட்டமாக இருக்கட்டும்.

என் மனம் அதிகம் சாய்வது மூன்றாவதாகச் சொன்ன வழியின் பக்கம், தன் ஊரிலேயே செய்யும் களப்பணியின் பக்கம். அதற்குச் சமூகப்பணி வரலாற்றின் முதல் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1888 இல் அமெரிக்கச் சமூகப்பணியின் முன்னோடியான ஜேன் ஆடம்ஸ் லண்டனின் கிழக்குப் பகுதிக்குச் சென்று, 1884 இல் தொடங்கப்பட்டிருந்த டாயின்பி ஹாலைப் பார்த்தார். பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகள் நடுவே வந்து குடியிருந்த இடம் அது. அங்கே அவர் யாருக்கும் சேவை செய்யப் போகவில்லை. பார்த்தார், ஊர் திரும்பினார். 1889 இல் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து சிகாகோவில் அதே போன்ற ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் அந்த வீட்டைச் சுற்றித்தான் வாழ்ந்தன. வெளிநாடு சென்ற ஒரு வருகை, சொந்த நகரத்திலேயே வாழ்ந்த அயல்நாட்டு மக்களிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இன்றைக்கும் பெரும்பாலான மாணவர்கள் பட்டம் பெற்றபின் வேலை செய்யப்போவது தம் நாட்டில். வேறு மொழி பேசும் தொழிலாளர், அகதி, மணமாகி அயல்நாட்டிலிருந்து வந்த பெண் எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் வீதம் ஓராண்டு அவர்களோடு பணிபுரியும் மாணவர், குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கு நான்கு அலுவலகம் ஏறி இறங்குகிறார். ஐந்தாவது அலுவலகத்தில் தாமே தவறான படிவத்தைக் கொடுத்துவிட்டதை உணர்ந்து திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறார். தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அந்த இரண்டாவது வாய்ப்பு பயணத்தில் இல்லை. 1998 இல் டெர்வலோன், முரே கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 'பண்பாட்டுப் பணிவு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். பிறர் பண்பாட்டைக் கற்றுத் தேர்ந்துவிட்டதாக நினைக்காமல், வாழ்நாள் முழுவதும் தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்வது. அது மன்னிப்புக் கேட்கும் அந்த வாசலில் பிறக்கிறது.

ஆகவே ஒரே ஒரு திட்டத்துக்குத்தான் நிதி என்றால் உள்ளூர்க் களப்பணிக்கே கொடுப்பேன். இரண்டுக்கு இடமிருந்தால், அந்த ஓராண்டு முடித்தவர்களை மட்டும், அவர்கள் பழகிய மக்கள் எங்கிருந்து வந்தார்களோ அந்த நாட்டுக்கு இரண்டு வாரம் அனுப்புவேன். பயணத்தின் பெயரிலிருந்து 'சேவை' என்ற சொல்லை எடுத்துவிடுவேன். சமூகப்பணியின் உலகளாவிய வரையறை, 2014 இல் மெல்போர்னில் ஏற்கப்பட்டது, பூர்வகுடி அறிவையும் இந்தத் தொழிலின் அடித்தளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதை நம்புவதென்றால் அங்குள்ள பணியாளர் நம் ஆசிரியர். அவர் செலவிடும் நேரத்துக்கு ஆசிரியருக்கு உரிய ஊதியம் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படியே.

இன்னொன்றும் செய்வேன். பதினான்கு பேருக்குப் பணமிருந்தால் பத்துப் பேரை அனுப்பிவிட்டு, மிச்சப் பணத்தில் அந்த நாட்டுச் சமூகப்பணி மாணவர்களை இங்கே இரண்டு வாரம் வரவழைப்பேன். நம் முதியோர் இல்லங்களுக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கும் அவர்களை அழைத்துப் போய், மாலையில் அவர்களுடைய குறிப்பேட்டை நம் மாணவர்கள் முன் சத்தமாக வாசிக்கச் சொல்வேன்.