காப்புரிமை மேற்கோளும் ஸோட்டெரோவும்: ஐந்து வருட அனுபவம்

பறித்த மதுரை மல்லி மொட்டை விரியாமல் எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அலைந்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் காப்புரிமை ஆவணங்களோடுதான் போனது.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளான ஸோட்டெரோவில் காப்புரிமைக்கென்றே தனி வகை இருக்கிறது. கண்டுபிடித்தவர், உரிமையாளர், விண்ணப்பித்த தேதி, வழங்கிய தேதி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டிகள். முதல் வருடம் நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அத்தியாய வரைவைப் படித்த நெறியாளர் அம்மா, "இது கிராண்ட் ஆன பேட்டன்ட்டா, வெறும் அப்ளிகேஷனா தம்பி?" என்று கேட்டார். பட்டியலில் 11 ஆவணங்கள் வெறும் விண்ணப்பங்கள். அத்தனையையும் காப்புரிமை என்று எழுதி வைத்திருந்தேன்.

அப்புறம்தான் எண்ணின் கடைசியில் வரும் குறியைப் படிக்கப் பழகினேன். அமெரிக்க ஆவணத்தில் ஏ1 என்றால் வெளியிடப்பட்ட விண்ணப்பம். பி1, பி2 என்றால் வழங்கப்பட்டது. ஆனால் 2001-க்கு முந்தியவற்றில் வெறும் ஏ இருந்தாலே வழங்கப்பட்டதுதான். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய நம் மஞ்சள் வழக்கையே பாருங்கள்: 5,401,504 என்ற எண்ணுக்குப் பின்னால் ஏ என்றுதான் இருக்கும், ஆனால் அது 1995 மார்ச் 28 அன்று வழங்கப்பட்ட காப்புரிமை. இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்துப் போராடி, 1997-ல் அது ரத்தானது. ரத்தானதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது எனக்குப் பெரிய தவறாகவே படுகிறது. ஸோட்டெரோவின் சட்ட நிலைப் பெட்டியில் குறித்துக்கொள்கிறேன், கட்டுரை வாக்கியத்திலும் எழுதிவிடுகிறேன்.

ஏபிஏ என்ற மேற்கோள் நடையில் வழங்கிய ஆண்டுதான் வர வேண்டும், விண்ணப்பித்த ஆண்டு அல்ல. உரிமையாளர் நிறுவனத்தின் பெயர் அதில் வராது.

இந்திய ஆவணங்களை இன்றும் கையால்தான் தட்டுகிறேன். விண்ணப்ப எண் வேறு, காப்புரிமை எண் வேறு. இரண்டையும் அதனதன் பெட்டியில் போட வேண்டும். 2016-லிருந்து வரும் 12 இலக்க விண்ணப்ப எண்ணில் முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம். அங்கே 4 இருந்தால் சென்னை. நம் பக்கத்து விண்ணப்பங்கள் அங்கேதான் போகும்.

லேடெக்ஸ் என்ற ஆவண மென்பொருளில் எழுதுபவர்கள், மேற்கோள் பட்டியல் போடும் பழைய பிப்டெக்ஸை விட்டு பிப்லேடெக்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். காப்புரிமைக்கான வகை அதில்தான் இருக்கிறது.